எழுதாமல் விட்ட சங்கு

புயல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆங்கில வீடியோ ஒன்றுக்கு நான்தான் தமிழ் சப்டைட்டில் போட்டேன். ஒரு சொல் விடாமல் எழுதிவிட்ட மிதப்பில், டிவிடியோடு சதுரங்கப்பட்டினம் மீனவர் கூடத்துக்குப் போனேன்.

முன்வரிசையில் மீன் விற்கும் பெண் ஒருவர் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறையப் பொட்டு. காய்ச்சலில் காது போனவர் என்றார்கள். திரையை ஒரு தரம் பார்த்தால் சுற்றியிருப்பவர் முகங்களை இரண்டு தரம் பார்த்தார்.

படம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"நடுவுல அல்லாரும் திடுக்குனு நிமிந்தாங்களே, இன்னா சார் அது?"

அபாயச் சங்கு என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். பேச்சை மட்டும்தான் எழுதுவோம் என்றும் சேர்த்தேன்.

"அது இங்கிலீசு தெரியாதவங்களுக்கு. எனக்கு? சங்கு ஊதுனா ஓடணும்னு எழுதிக்கீற. எப்ப ஊதுதுன்னு எழுதலியே!"

காது கேளாதவர்களுக்காக ஓசைகளையும் எழுதும் கேப்ஷன் தனியாக உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைப் படிக்கிற ஆள் எதிரில் வந்து உட்காருவார் என்றுதான் தோன்றவில்லை.

அந்த வாரமே காற்றின் இரைச்சல், கதவு அடித்துக்கொள்வது, சங்கு எல்லாவற்றையும் எழுதிச் சேர்த்து மறுபடி திரையிட்டேன். 'அபாயச் சங்கு ஒலிக்கிறது' என்ற வரி வந்ததும் அவர் கூடையோடு எழுந்தார்.

"ஊதிட்ச்சி, கெளம்புங்க!"

அன்று அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூடமே அவர் முகத்தைப் பார்த்தது.