குளிருகிறது என்று சொன்ன பேய்

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆரின் ஹாவர்கேம்ப்புக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு மனக்குறை. அமெரிக்காவின் ஷெபாய்கன் ஊரில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஞாயிறு மதியங்களில் பல வருடங்களாக ஆட்டம் நடத்துகிறார். ஒருவரையும் பயமுறுத்த முடிந்ததில்லை.

ஆரின் கதை சொல்வார். மற்றவர்கள் வாள்வீரராகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்று அந்தக் கதைக்குள் நடப்பார்கள். குறி பட்டதா தவறியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ரத்தக்காட்டேரி, பிணந்தின்னி என்று ஆரின் களமிறக்காத பேய் இல்லை. என்ன பயன்? பேய்க்கு அடையாளமாக மேசையில் வைப்பது கரடி உருவ மிட்டாய். கொன்றவர் அதை வாயில் போட்டுக்கொள்ளலாம். மிட்டாயைப் பார்த்து எவன் நடுங்குவான்?

"உன் பேயெல்லாம் ஆரஞ்சு ருசியா இருக்குப்பா," என்று அதிகம் கேலி செய்தவர் ஹார்லன். அவர் மட்டும் என்னவாம்? அவர் பகடையில் நல்ல எண் விழுந்ததாகச் சரித்திரமே இல்லை. எறிந்த ஈட்டியெல்லாம் கூட்டாளி வெண்டல் மேலேயே போய்க் குத்தும்.

ஆனாலும் ஆரினுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹார்லனுக்காகவே ஒரு பேயை உருவாக்கினார். உருவம் கிடையாது, மிட்டாயும் கிடையாது. கதையில் ஒரு கதவுக்குப் பின்னால் அது உட்கார்ந்திருக்கும்; அந்தக் கதவைத் திறப்பவர் யாரைப் பறிகொடுத்தாரோ, அவர் குரலில் அது பேசும்.

ஆட்டம் அந்தக் கதவை எட்டுவதற்குள் ஹார்லன் மாரடைப்பில் போய்விட்டார்.

பிப்ரவரியில் அவர் மனைவி லோர்னா மறுபடி ஆட வந்தார். லோர்னாவுக்கு ஆட்டத்தில் வில்லாளி வேடம். ஒரு தட்டு சீஸோடு ஹார்லனின் பகடைப் பையையும் கொண்டுவந்து, ஹார்லன் உட்காரும் இடத்தில் வைத்தார். அடுத்தவர் பகடையைத் தொடுவதில்லை என்பது அந்த மேசையின் எழுதாத சட்டம். லோர்னா வருவாரோ மாட்டாரோ என்று தவித்துக்கிடந்த ஆரின், வந்த சந்தோஷத்தில் விட்ட இடத்திலிருந்தே கதையைத் தொடங்கினார். கதவுக்குப் பின்னால் எதை உட்கார வைத்தோம் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"நான் கதவத் திறக்கறேன்," என்றார் லோர்னா.

"உள்ள கும்மிருட்டு. ஒரு குரல் கேக்குது. நீ பறிகொடுத்த..."

ஆரினுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரோட குரல்?"

"யாரும் இல்ல லோர்னா, காத்துதான். காபி போடட்டுமா?"

"ஆரின், யாரோட குரல்னு கேட்டேன்."

வெண்டல் வாய்க்குக் கொண்டுபோன சாசேஜைத் தட்டில் வைத்தார். இப்போது லோர்னா எழுந்து போனால் இனி இந்தப் படியிறங்கி வரமாட்டார். அது ஆரினுக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"ஹார்லனோட குரல்," என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே.

"என்ன சொல்லுது?"

"'கண்ணே, இங்க ரொம்பக் குளிருது. எங்கிட்ட வந்துடு'ன்னு..."

"கண்ணேயா?" என்றார் லோர்னா. "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அந்த மனுஷன் ஒரு தடவ என்னைக் கண்ணேன்னு கூப்பிட்டதில்ல. குளிருதாமே! ஜனவரிப் பனியில அரைக்கால் சட்டையோட குப்பை கொட்டப் போற ஆளு! இவன் யாரோ திருட்டுப் பய. அம்பு விடறேன், வெண்டல், வழிய விடு."

லோர்னாவின் கை நீண்டு ஹார்லனின் பையைத் திறந்தது. யாரும் சட்டம் பேசவில்லை. அவர் எடுத்து உருட்டிய பச்சைப் பகடை சீஸ் தட்டில் மோதித் திரும்பி வந்து நின்றது.

ஒன்று. அதைவிடக் கேவலமான எண் அதில் கிடையாது.

லோர்னா குனிந்து பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"பாத்தியா? இதுதான் என் ஹார்லன்!"

அப்பாடா என்று இருந்தது ஆரினுக்கு. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"சரி, அம்பு எங்க போச்சு?" என்றார் வெண்டல் சந்தேகத்தோடு.

"உன் தொடையில," என்றார் ஆரின்.

"அடப்பாவி ஹார்லா! போன பிறகும் என்னை விடமாட்டியா?"

"விடமாட்டார்," என்றார் லோர்னா, பகடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "அடுத்த ஞாயிறும் இதாலதான் ஆடப்போறேன். நீ கவசம் போட்டுக்கிட்டு வா."