நீண்டு எரிந்த விளக்கு

1. சம்மதம் வாங்குகிற வேலை

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பின் வந்த ஐந்தாவது தை மாதம். அறுவடை முடிந்த வயல்களில் எண்ணெயும் வாயுவும் தேட ஒரு சர்வே பார்ட்டி லாரிகளில் வந்து இறங்கியது. எனக்கு அதில் மொழிபெயர்ப்பாளர் வேலை. ‘ஷாட் ஹோல்’ என்று ஆழமான துளை போட்டு, அடியில் டைனமைட் வைத்து வெடிப்பார்கள். பூமியின் அதிர்வைக் கருவிகள் பதிவு செய்யும். நான் முன்னதாகப் போய் நிலத்துக்காரர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். “லேசா அதிரும், வேற ஒண்ணும் ஆகாதுங்க” என்று சொல்லச் சொல்லியிருந்தார் குழுத் தலைவரான பார்ட்டி சீஃப். நானும் அப்படியே சொன்னேன்.

2. கோட்டுச்சேரிக் கிணறு

கோட்டுச்சேரியில் கதீஜா பீவியின் தோப்பை ஒட்டி மாசியில் வெடித்தோம். கணவர் சைகோனில் கடை வைத்திருந்தார். மகளுக்குச் சித்திரையில் நிக்காஹ். பங்குனி பிறந்ததும் அந்த அம்மாள் ஆள் அனுப்பினார்.

“தம்பி, கிணறு மூச்சு விடுது. வந்து பாருங்க.”

வீட்டுக் கொல்லையில் இருந்த கிணற்றைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கலங்கியிருந்தது. உலைநீர் போலக் கொப்புளங்கள் எழுந்து உடைந்தன. தொட்டால் சில்லென்றிருந்தது. ஆடுகள் கிணற்றடிக்கு வர மறுத்தன.

“விருந்துக்கு இந்தத் தண்ணிதான் தம்பி. தூர் வாரச் சொல்லியிருக்கேன்.”

மறுநாள் காலை, துளை போடும் எங்கள் டிரில்லரை அழைத்துக்கொண்டு போனேன். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வந்த இரண்டு மாதத்தில் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தார். நாங்கள் போனபோது தூர் வாரும் கோவிந்தன் தண்ணீரை முக்கால்வாசி இறைத்துவிட்டு, வாளிக்குள் அகல் விளக்கை வைத்துக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தான். இங்கே அதுதான் வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம்.

விளக்கு அணையவில்லை. பாதிக் கிணற்றில் சுடர் விரல் நீளத்துக்கு உயர்ந்தது. அதைச் சுற்றி நீலமாக ஒரு முக்காடு.

“பாத்தீங்களாம்மா, என்னமா எரியுது! உங்க கிணத்துல காத்து கொழிக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்தத் தண்ணிக்கே இன்னொரு பொண்ணு கேப்பாங்க.”

“வாயை மூடிக்கிட்டு எறங்கு கோவிந்தா” என்று சிரித்தார் கதீஜா பீவி.

கயிற்றை இடக்கையில் பிடித்தபடி கோவிந்தன் உள்படியில் இறங்கினான். நாலு படி போயிருப்பான். எட்டிப் பார்த்த டிரில்லரின் முகம் வெளுத்தது.

“வேணாம்! மேலே வா! நீலம் இருக்கு, நீலம்!”

“இந்த சாருக்கு என்னவாம்? வெளக்குதான் எரியுதே!”

“கோவிந்தா, ஏறுடா!” என்று நானும் கத்தினேன். எனக்கும் காரணம் தெரியாது. அவன் முனகிக்கொண்டே திரும்பிக் கைப்பிடிச் சுவரைப் பற்றியபோது கயிறு நழுவியது. வாளி உள்ளே போனது.

வெடிச் சத்தம் இல்லை. யாரோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு ஒலி, கூடவே சூடான காற்று. நாங்கள் அவனை இழுத்து வெளியே போட்டோம். புருவம் கருகியிருந்தது. உள்ளே, தண்ணீரின் மேல், நீலத் தீ ஓசையில்லாமல் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது. சுவரில் முளைத்திருந்த செடிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன.

“யா அல்லாஹ், தண்ணி எரியுதே” என்றார் கதீஜா பீவி. “சுரங்கத்துல சுடர் நீண்டு நீலம் வந்தா, எரியுற வாயு. ஓடணும்” என்றார் டிரில்லர்.

3. நல்ல சேதி

சேதி கேட்டு வந்த சீஃப் முகமெல்லாம் மலர்ந்து நின்றார். “வாயு இருக்கிறது. நல்ல சேதி என்று அவர்களிடம் சொல்.”

சொன்னேன். கதீஜா பீவி என்னையே பார்த்தார்.

“நல்ல சேதிய ஒலையில வைக்க முடியுமா தம்பி?”

எங்கள் வெடியால் வந்த வாயுவா, முன்பே கசிந்ததா என்று கேட்டேன். சீஃப் தோளைக் குலுக்கினார். இன்றுவரை எனக்குத் தெரியாது. தீ அணைந்த பிறகு கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். நிக்காஹ் காரைக்காலில் உறவினர் வீட்டில் நடந்தது. பலகைக்குக் கீழே கொப்புளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் கதீஜா பீவி வீட்டார் கொல்லைக்கதவைத் திறப்பதை விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஊரில் சம்மதம் கேட்டபோது, “விளக்கு நீண்டு எரிந்தாலும் கிணற்றில் இறங்காதீர்கள்” என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்ட விவசாயி, “அப்ப எங்க வயல்ல துளை வேணாங்க” என்று எழுந்து போய்விட்டார். சீஃப் என்னைக் கடிந்துகொண்டார். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: நமக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் வாங்குவது சம்மதம் ஆகாது.