கையில் கொடுக்கக் கூடாத திறப்பு

கந்தோரில் என் மேசை லாச்சிக்குள் ஒரு இரும்புத் திறப்பு கிடக்கிறது. நடுவிரல் நீளம். முனையில் மூன்று பற்கள். அவற்றில் ஒன்று பாதி தேய்ந்துவிட்டது. மறுமுனை வளையத்துக்குள் என் பெருவிரல் நுழையும். அது திறக்கக்கூடிய பூட்டு இன்று எங்கும் இல்லை. அந்தப் பூட்டும் கதவும் வீடும் அரிப்பு என்ற எங்கள் ஊரில் கடலைப் பார்த்தபடி இருந்தவை. ஊரை விட்டு ஓடிய நாளில் அம்மா அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, பூட்டினது சரிதானா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்து, திறப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் வெளிக்கிட்டார். போர் முடிந்து எங்களைக் கொண்டுவந்து குடியேற்றியபோது கதவு இல்லை, நிலை இல்லை, கூரை இல்லை. முன்சுவர் இடுப்பளவுக்கு நின்றது. தறப்பாள் கொட்டிலுக்குப் பூட்டுப் போட முடியாது. வீட்டைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த திறப்பு அம்மாவிடம் இருந்தது; வீடுதான் இல்லை.

அம்மா அதை எறியாததற்குக் காரணம் நான். எனக்கு முதல் வலிப்பு வந்தது அகதி முகாமில், தண்ணீர் வரிசையில், எட்டு வயதில். பின்னால் நின்ற யாரோ ஒருவர் "இரும்பு குடுங்கோ, கையிலை இரும்பு குடுங்கோ" என்று சொல்ல, அம்மா திறப்பை எடுத்து என் கைக்குள் திணித்தார். வலிப்பு நின்றது. அது எப்படியும் நின்றிருக்கும். என் வலிப்புகள் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவது குறைவு. ஆனால் பெயர் திறப்புக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மா என்னை விட்டுப் பத்து அடிக்கு மேல் விலகியதில்லை. ஊருக்குத் திரும்பி நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அவரும் வந்து, வளவுக்குள் நின்ற பூவரசுக்குக் கீழே ஓலை பின்னிக்கொண்டு இருப்பார். விளையாட்டுப் பாடம் வந்தால் எனக்கென்று ஒரு கதிரை மைதானத்து ஓரத்துக்கு வரும். அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளின் செருப்பு, தண்ணீர்ப் போத்தல், கழற்றிய சிலுவைச் சங்கிலிகள் எல்லாம் என் பொறுப்பு. காலப்போக்கில் என் பெயரும் கதிரை ஆயிற்று. "கதிரை, என்ரை போத்தலை ஒருத்தருக்கும் குடாதை" என்பார்கள். பதினொரு வயதில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அந்தக் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.

மாதம் ஒருமுறை வலிப்புக்கான குளிசை எடுக்க பஸ்ஸேறி மன்னாருக்குக் கிளினிக் போவோம். அந்த மாதம் இருந்தவர் இளம் டொக்டர், பெண். என்னைத் தராசில் ஏற்றி இறக்கிவிட்டு, "பிள்ளை விளையாடுறவவோ?" என்று கேட்டார். அம்மா பாராட்டை எதிர்பார்க்கிற குரலில், "இல்லை டொக்டர். கதிரையை விட்டு அசைய விடுறேல்லை" என்றார். டொக்டர் பேனையை வைத்தார். அவர் சொன்னவை எனக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கிறது. பிள்ளை ஓடலாம், பந்தடிக்கலாம். மரம் ஏறக் கூடாது. தனியாகக் கடலில் குளிக்கக் கூடாது. குளிசை ஒரு நாளும் தவறக் கூடாது. கூட ஒரு ஆள் இருந்தால் போதும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. கையிலோ வாயிலோ ஒன்றும் வைக்க வேண்டாம், இரும்பும் வேண்டாம். கடைசி வசனத்தைக் கேட்டதும் அம்மாவின் கை சட்டைக்கு மேலே போனதை நான் பார்த்தேன்.

அன்று பின்னேரம் வலை தைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அம்மா தீர்ப்பைச் சொன்னார். பிள்ளை ஓடும். கூட ஓடப்போகிற ஆள் தான்தான்.

"டொக்டர் ஆரை ஓடச் சொன்னவ? பிள்ளையையோ உன்னையோ?" என்றார் அப்பா.

"பிள்ளையைத்தான். நான் ஓடாட்டி அவள் எப்பிடி ஓடுறது?"

"அப்ப அந்த இரும்பு?"

"பிள்ளையின்ரை கையிலை வைக்க வேண்டாமெண்டுதான் சொன்னவ. நான் வைச்சிருக்கக் கூடாதெண்டு சொல்லேல்லை."

மணிக்கூடு ஒன்றுதான் குறை. கைமணிக்கூடு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அம்மா தன் தங்கையிடம் போய், நிவாரணப் பொருட்களோடு அவருக்குக் கிடைத்த மேசை மணிக்கூட்டை வாங்கி வந்தார். பச்சை நிறம், தலையில் இரண்டு மணிகள், நடுவில் ஒரு சுத்தியல். எழுப்புவதற்கு வைத்த நேரத்தில் அது அடிக்காது, குலுங்கினால் சில வேளை அடிக்கும்.

மறுநாள் காலையிலிருந்து அரிப்புக் கடற்கரை வீதி இந்தக் காட்சியைக் கண்டது. முன்னால் நான். பத்து அடி பின்னால், சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியபடி, இடது கையில் மணிக்கூடும் வலது கையில் திறப்புமாக அம்மா. கருவாடு காயப்போட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எடியே, பிள்ளையைக் கலைச்சு அடிக்கப் போறியோ?" என்று ஒருத்தி கேட்டாள். "அடிக்கேல்லை, ஓடுறம்" என்று அம்மா ஓடியபடியே பதில் சொன்னார். மூன்றாம் நாள் காவலரணில் நின்ற சிப்பாய் மறித்தான். கைக்குள் டிக் டிக் என்று சத்தம் போடுகிற பொருளோடு ஒரு பெண் ஓடிவருவது, அந்தக் காலத்தில் அந்த வீதியில் சிரிப்புக்குரிய விஷயம் அல்ல. "மே மொகத?" என்று சிங்களத்தில் கேட்டான். இது என்ன என்று கேட்கிறான் என்பது மட்டும் எங்களுக்கு விளங்கியது. அம்மா மணிக்கூட்டை நீட்டினார். நீட்டிய அசைவில் அது அடித்தது. சிப்பாய் இரண்டு பாய்ச்சலில் மண்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டான். பிறகு தலையை வெளியே நீட்டி, மணிக்கூட்டையும் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, தானே சிரித்தான். அடுத்த வாரம் முதல் நாங்கள் கடக்கும்போது தன் கைமணிக்கூட்டை அம்மாவினுடையதோடு ஒத்துப் பார்க்கத் தொடங்கினான். அம்மாவின் மணிக்கூடு ஏழு நிமிடம் பிந்தி ஓடுவது. அவனும் பிந்தினான்.

ஓடியதால் வலிப்பு நின்றது என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. அதைக் குறைத்தது குளிசைதான். ஓட்டம் வேறு வேலை செய்தது. நான் இரவில் ஒரே மூச்சில் தூங்கினேன். வகுப்பில் தலை சாயவில்லை. காரணமில்லாமல் தம்பியைக் கடிப்பதை நிறுத்தி, காரணத்தோடு மட்டும் கடித்தேன். அம்மாவுக்குப் பிரஷர் இறங்கியது. கிளினிக்கில் இளம் டொக்டர் இரண்டு முறை அளந்து பார்த்து, எங்கள் இருவரில் யார் நோயாளி என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி அறிவித்தார்கள். பெண்களுக்கு மரதன் ஓட்டம்: பள்ளிக்கூடத்திலிருந்து பழைய கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். என்னைச் சேர்க்கப் பள்ளிக்கூட அதிபர் தயங்கினார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. பொறுப்பேற்றுக் கடிதம் தரச் சொன்னார். அம்மா ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தார்: என் மகளுடன் நானும் ஓடுவேன். அதிபர் அதை ஒரு தாயின் உருக்கமான வார்த்தை என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போட்டி நாளில் தொடக்கக் கோட்டில் பதினாறு பிள்ளைகளுக்கு நடுவே அம்மா வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

"அம்மா, நீங்கள் கயித்துக்கு அங்காலை நில்லுங்கோ."

"கடிதம் தந்தனான், சேர். நீங்களும் ஒப்பம் வைச்சனீங்கள்."

அதற்குள் மணிக்கூடு அடித்தது. ஒன்பது பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அவர்களைத் திருப்பிக் கூட்டிவரக் கால்மணி நேரம் போனது.

கோட்டை வரை போய்த் திரும்பினேன். பள்ளிக்கூட வாசல் தெரிகிற தூரத்தில், ஆறாவதாக வந்துகொண்டிருந்தபோது விழுந்தேன். அதன் பிறகு நடந்ததற்கு நான் சாட்சி அல்ல, சம்பவ இடத்தில் இருந்தும். பின்னாளில் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டுச் சேர்த்த தகவல் இது. நான் விழுந்ததும் வேலியோரத்தில் நின்ற ஊர் முழுவதும் இரும்பைத் தேடி ஓடியது. கத்தி, சாவணம், சைக்கிள் பம்பு, தோணி நங்கூரம் ஒன்று. நங்கூரத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதை எந்தக் கையில் கொடுப்பதாக இருந்தார்கள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. அம்மா என்னை ஒருக்களித்து வைத்து, தலைக்குக் கீழே தன் சேலைத் தலைப்பை மடித்துக் கொடுத்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். முதலில் பாய்ந்து வந்தவரிடம், "தள்ளி நில்லுங்கோ. இரும்பு வேண்டாம். அங்காலை போடுங்கோ" என்றார். அவர் அசையவில்லை. "உன்ரை கையிலை என்ன?" என்று கேட்டார். மூவரும் ஒரே மாதிரிச் சொல்கிற ஒரே விவரம் அடுத்ததுதான். அம்மா தன் வலது கையைப் பார்த்தார். பிறகு திறப்பை வீதியோரத்தில் எறிந்தார். அதற்கு மேலே கத்தி விழுந்தது, பம்பு விழுந்தது, நங்கூரம் இறங்கியது.

நான் கண் திறந்தபோது முதலில் தெரிந்தது அந்தக் குவியல். இரண்டாவதாக, பழைய இரும்பு வாங்க வந்து சைக்கிளை நிறுத்தியிருந்த ஒரு மனிதர். "இதெல்லாம் குடுக்கிறதுக்கோ?" என்று அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு நிமிசமும் பத்துச் செக்கனும்" என்று அம்மா எல்லோருக்கும் கேட்க அறிவித்தார்.

அதிபர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "போதும். இந்தப் பிள்ளை இனி ஓட வேண்டாம். ஆராவது அந்தக் கதிரையைக் கொண்டாங்கோ" என்றார். அது வந்தது. என் கதிரை, அதே கதிரை. வாயில் மண்ணோடு அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழும்பும் தெம்பு இல்லை. அழவும் தெம்பு இல்லை. அம்மா எழுந்து சேலையை உதறினார். கதிரையைத் தன் பக்கம் இழுத்தார். அதில் இருந்தார்.

"பெரிய உபகாரம், சேர். எனக்குக் கால் சரியா உளையுது" என்றார். காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டு, "வாற வருசத்துக்கும் எழுதிக்கொள்ளுங்கோ. ரெண்டு பேர்" என்றார்.

அதிபர் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். கடைசியில் அவரும் சிரித்தார். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் ஓடினோம். ஒரு பதக்கமும் எடுக்கவில்லை. ஒருமுறை அம்மா எனக்கு முன்னால் வந்துவிட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

எனக்குக் கடைசியாக வலிப்பு வந்து இப்போது மூன்று வருடமாகிறது. குளிசை தொடர்கிறது. காலையில் கந்தோர்த் தோழி ஒருத்தியோடு மன்னாரில், தள்ளாடி என்ற இடத்துப் பாலத்துப் பக்கம் ஓடுகிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மா விசாரித்தார்.

"உன்னோடை ஓடுற பிள்ளைக்கு விசயம் தெரியுமோ?"

"தெரியும்."

"ஒருக்களிச்சு வைக்க?"

"சொல்லிக் குடுத்திருக்கிறன்."

"மணிக்கூடு?"

"போனிலை இருக்கம்மா."

புது வீட்டின் கதவுக்குப் பின்னால், ஆணியில், அந்த வீட்டின் மெல்லிய வெள்ளித் திறப்புக்குப் பக்கத்தில் போட்டி நாளில் அந்தக் குவியலிலிருந்து பொறுக்கி வந்த இந்த இரும்புத் திறப்பு தொங்கியது. அம்மா அதை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, என் பைக்குள் போட்டார்.

"அந்தப் பிள்ளையிட்டைக் குடு" என்றார். "உன்ரை கையிலை வைக்க வேண்டாமெண்டும் சொல்லு."