மூன்றாவது புரி

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் என் மனைவிக்கு டைஃபாய்டு வந்தது. அப்போது திருவள்ளூரில் குடியிருந்தோம். காய்ச்சல் விட்டு அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பிலும் தலையணையிலும் கிடந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தேன். எவ்வளவு கொட்டியது என்று டாக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே என்ற கவலை. அவர் கேட்கவே இல்லை. டப்பா நிரம்பிவிட்டது.

வைகாசியில் கடம்பத்தூரில் அவளுடைய தங்கைக்குக் கல்யாணம்.

"நான் வர்லீங்க. இந்த எலிவாலை வெச்சிக்கினு அத்தினி பேர் முன்னாடி எப்டி நிக்கறது?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

சந்தைக்கு வரும் சவுரிக்கார அம்மாளிடம் டப்பாவைக் கொடுத்தேன். அடுத்த சந்தையில் மூன்று புரியாகக் கட்டிக்கொண்டுவந்தாள். சொந்த முடியோடு சேர்த்துப் பின்னினால் சடை இடுப்பைத் தொட்டது. வருகிறேன் என்றாள் மனைவி.

சவுரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் அம்மா எடுத்துக்கொண்டாள். வெந்நீர் ஆகாது. சீயக்காய்த் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும், கசக்கினால் சிக்கு விழும். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வார வேண்டும். உள்ளங்கையில் துளி எண்ணெய், அவ்வளவுதான். காயப்போடுவது நிழலில் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் மருமகளோடு மல்லுக்கு நின்ற அம்மா, இதில் மட்டும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அம்மா சவுரியை அலசி, முடிச்சை அவிழ்த்து, புரிகளைத் தனித்தனியாக முருங்கை மர நிழலில் கொடியில் போட்டாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தபடியே இருந்தேன். மூன்று. சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் இரண்டு. எதிர்வீட்டுத் தென்னையில் கூடு கட்டிக்கொண்டிருந்த காக்கையின் அலகில் என் மனைவியின் முடி தொங்கியது.

கையைத் தட்டிக்கொண்டு தெருவில் ஓடினேன்.

"இன்னா சார், காக்காவோட ஓட்டப்பந்தயமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

காக்கை இறங்கவில்லை. இரண்டு புரியை வைத்துச் சடை பின்ன முடியாது. சந்தைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க," என்றாள் மனைவி. எடுத்துவைத்த புடவையை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். தலை வாரிய பிறகு உதிர்ந்த முடியைச் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகிவைப்பது அவள் வழக்கம். தீபாவளிக்குள் தனக்கொரு சவுரி கட்டிக்கொள்ளும் ஆசை. அத்தனை சுருணையையும் எடுத்தாள். ஊறவைத்து, சிக்கெடுத்து, நாள் முழுக்க உட்கார்ந்து கறுப்பு நூலால் கட்டினாள். இடையிடையே நரை தெரிந்தது. எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பதில் அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"எண்ணாத நைனா. நீ எண்ண எண்ண இன்னும் நரைக்கும்."

மனைவி சிரித்துவிட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

"மை தடவித் தரட்டாம்மே?"

"வேணாம் அத்தே, ரவிக்கையில ஒட்டிக்கும்."

மறுநாள் காலை அம்மாவே பின்னிவிட்டாள். நரை தெரிந்த இடத்தை மல்லிகைச் சரத்தால் மூடினாள். ரயிலில் போகும்போது முடிச்சு நழுவுமோ, பூ விலகுமோ என்று சடையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பூதான் விலகியது. மணப்பெண்ணே பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, அதுக்குள்ள நரைச்சிப்பூட்டே!"

சுற்றியிருந்த பெண்கள் திரும்பினார்கள். நான் செருப்பைத் தேடினேன், மனைவி உடனே கிளம்பிவிடுவாள் என்று. அவளோ சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

"இது எங்க அத்தையோட முடிடி. காசு குடுத்தாலும் கெடைக்காது."

அம்மா பந்தலில் இலை போடுவதைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் அம்மா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். பலகையில் சாய்ந்தால் சவுரி நசுங்கும் என்று மனைவி சடையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். பூச்சரம் எங்கோ விழுந்துவிட்டிருந்தது, அவள் தேடவில்லை. திருவள்ளூர் வருவதற்குள் மறுபடி எண்ணிப் பார்த்தேன். மூன்று புரியும் இருந்தன.