லாரிக்குள் ஒரு தேள்

என் மாமா மூன்று மாதமாக ஒரு லாரிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஆபீசில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட கிழட்டு லாரி அது. அதை ஓட வைத்து ஊருக்குக் கொண்டுபோய் வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லித் திருநெல்வேலியிலிருந்து கொல்கத்தா வந்தவர், லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். லாரி பின்பக்க முற்றத்தில் நின்றது. எஞ்சினைப் பிரித்தார், மாட்டினார், மஞ்சள் பெயின்ட் அடித்தார். நடுநடுவே வீட்டுக்காரர் வீட்டுக்காகக் கடைக்கும் போய்வந்தார். வீட்டுக்காரரின் மகளை நான் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். மாமாவுக்கு வேளை தவறாமல் டீ கொண்டுவருவாள்.

"லாரி கிளம்புத அன்னைக்கு உன் தம்பியும் கிளம்பிரணும்" என்று அப்பா அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். எந்திரங்களுக்குப் பூஜை போடும் விஸ்வகர்மா பூஜையன்று கிளம்புவதாக நாள் குறித்தாயிற்று. எனக்குப் பத்து வயது. மாமா போய்விட்டால் கரியாஹாட்டில் எனக்குப் புச்கா என்கிற பானிபூரி வாங்கித்தர யார் இருக்கிறார்கள்? இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தேன்.

பூஜையன்று காலை வழக்கம்போல ஊரே மொட்டைமாடியில் நின்று பட்டம் விட்டது. நாங்கள் மட்டும் லாரியைச் சுற்றி நின்றோம். மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மாமா சாவியைத் திருகினார். எஞ்சின் கிர்ர் கிர்ர் என்று இழுத்ததே தவிர, பற்றிக்கொள்ளவில்லை. பாட்டரி முனைகளைத் துடைத்தார். பில்டரைக் கழற்றி ஊதினார். நான் பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன்.

"டீசல் இருக்கா மாப்ளே?"

"நேத்துதானே அத்தான் இருவது லிட்டர் ஊத்துனேன்!"

அப்பா விடுகிறவரா? தெருமுனையிலிருந்து வண்டி பழுதுபார்க்கும் ஒரு மிஸ்திரியை அழைத்துவந்துவிட்டு, தேங்காயோடு வாசற்படியில் நின்றுகொண்டார். மிஸ்திரி டாங்கைத் தட்டிப் பார்த்தார். குச்சியை விட்டு எடுத்தார். உதட்டைப் பிதுக்கிச் சொன்னார்: "தேல் நேய்."

"யாத்தாடி! தேளு!" என்று அலறிக்கொண்டு மாமா லாரியிலிருந்து குதித்தார்.

அப்பாவுக்குப் பாம்பைவிடத் தேள்தான் பயம். தேங்காயைப் போட்டுவிட்டு மதில் சுவரில் ஏறிவிட்டார். மூன்று வருஷமாக ஆபீஸ் இங்கிலீஷிலேயே காலம் தள்ளியவருக்கு வங்காளியில் ஒரு சொல்கூடத் தெரியாது. மிஸ்திரி இன்னும் உரக்க, "தேல் நேய்! தேல் நேய்!" என்று டாங்கைக் காட்டினார்.

"தேளுக்கு நெய் காட்டணுமாம்க்கா! வாசனைக்கு வெளிய வருமாம்!"

அம்மா விளக்குக்கு வைத்திருந்த நெய்யை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தீதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். மிஸ்திரி எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வங்காளி நன்றாகத் தெரியும். தேல் என்றால் எண்ணெய், நேய் என்றால் இல்லை. டாங்கு காலி, அவ்வளவுதான். ஆனால் மாமா போகக் கூடாதே! வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

தேளைத் தேடியதில் நல்ல நேரம் போயிற்று. மறுநாள் மகாளய பட்சம் ஆரம்பம், பதினைந்து நாளைக்குப் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அது முடிந்தால் துர்கா பூஜை. அப்போது கொல்கத்தாவில் யார் வேலை செய்வார்கள்? தீபாவளி கழித்து ஒருவழியாக லாரி கிளம்பியது. ஓட்டிக்கொண்டு போனது கூலிக்கு வந்த டிரைவர். மாமா கிளம்பவில்லை.

மறு வருஷம் தீதியை நான் மாமி என்று கூப்பிட ஆரம்பித்தேன். வங்காளியிலும் மாமா மாமாதான், மாமி மாமிதான். மொழிபெயர்க்க வேண்டிய தொல்லை இல்லை.

மாமாவைக் கொல்கத்தாவில் நிறுத்திவைத்தது என் சாமர்த்தியம் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த இருபது லிட்டர் டீசலும் வீட்டுக்காரர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கேனில் இருந்ததை மாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் கடைக்காரரிடம் "ஷோர்ஷேர் தேல்" என்று சுத்தமாகக் கேட்டு, அவர்கள் வீட்டுக்குக் கடுகெண்ணெய் வாங்கியவர் மாமா. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவள் நான்.