ஆறு வாய், ஒரு தர்மாமீட்டர்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொதிக்கக் கொதிக்கக் காப்பியை வாயில் ஊற்றி, விழுங்காமல், இரண்டு கன்னமும் உப்ப, மனசுக்குள் ஐம்பது வரை எண்ணப் பார்த்த மகா மேதாவி நான். ஐம்பதைத் தொட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். முப்பத்திரண்டோடு சரி.

அந்த முப்பத்திரண்டுக்கே நாக்கு வெந்துவிட்டது. எதற்காக இந்தத் தவம்? சொல்கிறேன்...

சென்ற மாதம் அரூரில் ஒரு கூட்டம். சமத்துவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினேன். பலத்த கைதட்டல். தட்டியது யார் யார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மேடை முடிந்துவிட்டது, நான் முடிக்கவில்லை. கணுக்கால் முறிந்தது. பெட்ரோல் பஞ்சத்தில் கரியால் ஓடிய பஸ்ஸில் ஏற்றி ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆண்கள் வார்டில் ஆறு கட்டில். ஆறுக்கும் ஒரே நர்ஸ், எஸ்தர் அம்மாள். ஆறு வாய்க்கும் ஒரே தர்மாமீட்டர். இன்னொன்று இருந்து உடைந்துவிட்டதாம். யுத்தம் முடிந்தால்தான் அடுத்தது வருமாம்!

என் வலது பக்கம் கடத்தூர் புளி மண்டி முதலாளி. முதுகில் பெரிய கட்டி. ஜன்னலோரம் வெள்ளையன், சித்தேரி மலையில் சாமை விதைக்கிறவர். குளிர் காய்ச்சல். கட்டில் என்பதையே அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தாராம். விழுந்துவிடுவோமோ என்று பயந்து தரையில் படுத்துக்கொண்டார். நர்ஸம்மாள் அதட்டவில்லை. கட்டிலைச் சுவரோடு தள்ளி, மறுபக்கம் ஒரு பாயைச் சுருட்டி வைத்தார். “இப்ப எந்தப் பக்கம் விழுவீங்க, சொல்லுங்க பாக்கலாம்?” என்றார். வெள்ளையன் சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தார்.

காலையில் தர்மாமீட்டர் வலம் வரும். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு மருந்துத் தண்ணீரில் முக்கி, பஞ்சால் துடைத்து, அடுத்த வாய்.

நான் சேர்ந்த மறுநாளே முதலாளி ஆரம்பித்தார். “ஏம்மா, எனக்கு மொதல்ல வெச்சுடு. அப்பறம் யாரு வாயில வேணும்னாலும் வெச்சுக்க.”

“உங்களுக்குக் காய்ச்சல் இல்லீங்களே. கடைசியா வரேங்க.”

“கழுவுனாலும் எச்சில் எச்சில்தானேம்மா?”

“வாய் வேண்டாம்னா கக்கத்துல வெக்கலாங்க.”

“அதுக்கு முன்னால யாரு கக்கத்துல இருந்துச்சு அது?”

“கக்கத்துக்கும் சாதி உண்டுங்களா?”

வார்டே சிரித்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அரூர்ப் பேச்சாளர்தான்!

சிரித்த வாயை மூடுவதற்குள் ஒரு காரியம் செய்தேன். எண்ணினேன். என் முறை ஐந்து. எனக்கு முன்னால் நாலு வாய். முதல் வாய் வெள்ளையனுடையது... தர்மாமீட்டர் என் நாக்கின் அடியில் வந்தபோது அது நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்கும் கக்கத்தில் வையுங்கள் என்று கேட்டிருக்கலாம். அப்படிச் சிரித்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?

இன்னொரு அரிப்பும் இருந்தது. இந்த அம்மாள் யார்? முதலாளிக்கு அது தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு? வெறும் பத்திரிகைக்காரனின் ஆர்வம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“நர்ஸம்மாவுக்குச் சொந்த ஊரு எதுங்க?” என்றேன், குழைவாக.

“கம்பைநல்லூருங்க.”

“கம்பைநல்லூர்ல எந்தத் தெருவுங்க?”

நம் பக்கத்தில் தெருவைக் கேட்பவன் தெருவையா கேட்கிறான்? அந்த அம்மாளுக்கா தெரியாது? “இப்போதைக்கு இந்த வார்டுதாங்க” என்று சொல்லிவிட்டு, பீங்கான் தட்டோடு நகர்ந்துவிட்டார்.

முதலாளி என் பக்கம் சாய்ந்தார். “பாத்தீங்களா பத்திரிகைக்காரரே? தினம் அந்த மலைக்காரன்கிட்டதான் மொதல்ல போவுது. கம்பளி வேற ரெண்டு. எதோ சொந்தமாட்டம் இருக்குது!”

ஆமாம், எனக்கு ஒரே கம்பளிதான். நியாயத்துக்காகக் கேட்டுவிட்டேன். குளிருக்காக அல்ல, கொள்கைக்காக! “எல்லாருக்கும் ஒண்ணு, அவருக்கு மட்டும் ரெண்டு. இது சமத்துவமாங்க?”

“அவுருக்குத்தானுங்க குளுருது.”

என் அரூர்ப் பேச்சு முழுவதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இதற்கு அதில் பதில் இல்லை.

மூன்றாம் நாள் முதலாளியின் கட்டியை டாக்டர் கீறிவிட்டார். ராத்திரி முழுக்கக் காய்ச்சல். மறுநாள் காலை நர்ஸம்மாள் நேராக வந்தது யாரிடம்? முதலாளியிடம்! வெள்ளையனுக்கு இரண்டாம் இடம். சொந்தமாவது, பந்தமாவது... யாருக்கு அன்றைக்கு அதிகம் முடியவில்லையோ அவருக்கு முதலில். நான் நாலு நாளாக மண்டையைக் குடைந்துகொண்ட ரகசியம் இவ்வளவுதான்.

புத்தியுள்ளவன் இதைக் கண்டுபிடித்ததும் வெட்கப்பட்டிருப்பான். நான் சந்தோஷப்பட்டேன். முதல் ஆளாக வழி தெரிந்துவிட்டதே!

ஐந்தாம் நாள் காலை. எதிர்க் காப்பி கிளப்பிலிருந்து ஆவி பறக்க ஒரு தம்ளர் வந்தது. மீதிக் கதைதான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

“என்னங்க, கன்னம் வீங்கியிருக்குது... பல்லு வலிங்களா?” என்றார் முதலாளி. தலையை ஆட்டினேன். விழுங்கினேன். தம்ளரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு முனக ஆரம்பித்தேன்.

நர்ஸம்மாள் ஓடி வந்தார். முதல் முறை எனக்கு! பாதரசம் ஏறியதைப் பார்த்து அவர் முகம் மாறியது. நூற்றைந்து.

“குளுர் வந்துச்சுங்களா?”

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. நிஜமாகவே எழவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

அடுத்து வெள்ளையனிடம் போனார். அவர் கட்டில் கால்கள் தரையில் தடதடத்துக்கொண்டிருந்தன. நூற்றுநாலு.

டாக்டர் காலரா ஊசி போடக் கிராமத்துக்குப் போயிருந்தார். நர்ஸம்மாள் அலமாரியைத் திறந்து, குளிர் காய்ச்சலுக்கான க்வினைன் பாட்டிலை எடுத்தார். யுத்தம் வந்ததிலிருந்து க்வினைன் தங்கமாகிவிட்டது. பாட்டிலின் அடியில் ஒரே ஒரு வேளை. அடுத்தது சாயங்கால பஸ்ஸில் வந்தால்தான் உண்டு.

பாட்டிலோடு இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றார். என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். ஒரு டிகிரி வித்தியாசம்... அந்த ஒரு டிகிரி எங்கிருந்து வந்தது என்று வார்டில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அப்போது கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. பல் அடித்துக்கொள்ள, வார்த்தை வார்த்தையாக.

“அவுருக்கே... குடுங்க தாயி. எனக்குத்தான் நேத்து ஒரு வேளை குடுத்தீங்களே. சாமி பாவம்... காலும் ஒடிஞ்சு கெடக்கறாரு.”

அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. நான் அவர் வாயை எண்ணிக்கொண்டு கிடந்தவன்.

நர்ஸம்மாள் என் பக்கம் ஓர் அடி வைத்தார்.

“காப்பி!” என்று கத்தினேன்.

“காய்ச்சல்ல காப்பி எதுக்குங்க? மருந்தைக் குடிங்க.”

“இல்லை... காப்பி! காப்பி!” வெந்த நாக்கில் அதற்கு மேல் வரவில்லை. குனிந்து தம்ளரை எடுத்து, வார்டு பார்க்கத் தூக்கிக் காட்டினேன். பிறகு உப்பிய கன்னத்தையும் நடித்துக் காட்டினேன். மேடைப் பழக்கம்!

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். கட்டு இழுத்து, “ஐயோ முதுகு... ஐயோ முதுகு...” என்று கத்திக்கொண்டே சிரித்தார்.

நர்ஸம்மாள் சிரிக்கவில்லை. என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். திரும்பிப் போனார். வெள்ளையனின் தலையைத் தன் முழங்கையில் ஏந்தி, மருந்தைச் சொட்டு சிந்தாமல் புகட்டினார். கசப்பில் அவர் முகம் கோணியதும் வாயைத் துடைத்துவிட்டு, கட்டில் ஆட்டம் நிற்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. “நாக்கை நீட்டுங்க” என்றார். கிளிசரின் தடவினார். பொய்க் காய்ச்சல்காரனின் நிஜப் புண்ணுக்கும் அவரிடம் மருந்து இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் க்வினைன் வந்தது. மறுநாள் காலை வெள்ளையனின் கட்டில் ஆடவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தர்மாமீட்டர் புறப்பட்டது. ராத்திரி முழுக்க நான் ஒரு பிராயச்சித்தம் யோசித்து வைத்திருந்தேன். வெள்ளையன் வாயிலிருந்து அதை எடுத்ததும் வார்டே கேட்கும்படி, கொஞ்சம் அரூர்க் குரலிலேயே சொன்னேன்:

“நர்ஸம்மா! அதைக் கழுவவே வேண்டாங்க. அப்படியே கொண்டுவந்து என் வாயில வையுங்க!”

“கழுவாம யாருக்கும் வெக்கறதில்லீங்க.”