நான் துடைத்தெறிந்த வெடிச்சத்தம்

நான் புலம்பெயர்ந்து வாழும் அஜின்கோர்ட்டில், சிவா அண்ணையின் கடையில் பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிக் கரகரப்பு நீக்குவது என் வேலை. இரைச்சலைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஒரு கலியாணக் கசெற்றில் மேளத்தையே குறைத்து ஏச்சு வாங்கியவன் நான்.

ஒருநாள் ரோசா என்பவர் ஒரு கசெற்றோடு வந்தார். பெரு நாட்டு மலையூர்க்காரர். இங்கே மருத்துவமனைச் சமையலறையில் வேலை. வாய்க்கால் துப்புரவு செய்யும் திருநாளைப் பற்றி அவருடைய அப்பா தங்கள் ஹக்காரு மொழியில் பேசிய பதிவு அது. அப்பா இப்போது இல்லை. அந்த மொழி பேசுபவர்களும் அருகிவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வீடியோவில் அந்த மொழி வகுப்பு எடுக்கும் ரோசாவுக்கு அந்தக் குரல் வேண்டும். வேறு பதிவு கிடையாது.

கசெற் முழுக்க 'டப், டப்' என்று வெடித்தது. ஈரமும் தூசியும் பட்டுக் கெட்டுவிட்டது என்று நினைத்து, வெடிச்சத்தங்களைத் தானே நீக்கும் டீ-கிளிக் மென்பொருளை முழு அளவில் வைத்தே பதிந்தேன். திருப்பிச் சுற்றும்போது நாடா அறுந்தது. கணினியில் நல்ல கொப்பி இருக்கிறதே என்று பெருமையோடு ஹெட்ஃபோனைக் கொடுத்தேன்.

அரை நிமிடம் கேட்டார். முகம் வாடிவிட்டது. "இது அப்பா இல்லை. பல்லில்லாத யாரோ பேசுகிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

பிறகு வாயாலேயே செய்து காட்டினார். அவர்களுக்கு 'க' மூன்று விதம்: சாதாரணமானது, மூச்சோடு வருவது, தொண்டையை அடைத்து வாய்க்காற்றை மட்டும் வெடிக்கவிடுவது. ப, த எல்லாம் அப்படியே. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் சொல்லே வேறாகிவிடும். தூசி என்று நான் துடைத்தது மூன்றாவது விதத்தை. வெட்கத்தோடு ஹெட்ஃபோனைத் திரும்ப வாங்கினேன்.

சிவா அண்ணை எட்டிப் பார்த்தார். "உந்த மெஷினை நம்பிக் காதைக் கழட்டி வைச்சிட்டீர் ஐசே. நாடாவை ஒட்டும். அவவைப் பக்கத்தில இருத்தி வைச்சு வேலையைச் செய்யும்."

"ஓம் அண்ணை."

ஒட்டிய நாடா ஓடுமா என்று போட்டுப் பார்த்தேன். ஓடியது. இந்தமுறை எதையும் நீக்காமல் பதிந்தேன். மூன்று பின்னேரங்கள் ரோசா என் அருகில் இருந்தார். ஒவ்வொரு வெடிப்பிலும் நிறுத்துவேன். "அப்பா" என்பார், அல்லது "தூசி" என்பார். தூசிச் சத்தத்தை மட்டும் கணினியில் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தேன். அறுந்த இடத்தில் ஒரு சொல் பாதி போனது போனதுதான்.

சனிக்கிழமை வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டார். திரையில் ஏழெட்டுப் பிள்ளைகள். குரல் ஓடி, அறுந்த இடத்தில் சொல் பாதியில் நின்றது. நான் தலையைக் குனிந்தேன். ஒரு சிறுமி, யாரும் கேட்காமலே, ஊர்த் திருநாளில் கேட்டுப் பழகிய அந்தச் சொல்லை 'டப்' என்ற வெடிப்போடு முழுதாகச் சொன்னாள். ரோசா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: துடைக்க முதல், பேசினவருடைய ஆட்களைக் கேளுங்கள். நாம் தொலைத்ததைக்கூட அவர்கள் வைத்திருப்பார்கள்.